இரண்டு, இரண்டு, ஒன்று...

கோவாவிலிருந்து ஷில்லாங் வரை கிடார் கற்கும் இளைஞர்களுக்கு மேஜர் ஸ்கேல் என்றாலே உருப்போடும் சமாச்சாரம். விரல் வைக்க வேண்டிய இடங்களைப் புள்ளியிட்ட படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னால் திண்டாட்டம்.

தெரிய வேண்டியதோ ஏழே எண்கள்: 2, 2, 1, 2, 2, 2, 1. கிடாரில் ஒரு ஃபிரெட் என்பது அரை ஸ்வரம். தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ‘ஈ’. அதிலேயே 2, 4, 5, 7, 9, 11, 12 என்று ஃபிரெட்களை அழுத்திக்கொண்டே போனால் ‘ஈ’ மேஜர் தயார். மூன்றாவது ஃபிரெட்டில் தொடங்கி அதே இடைவெளிகளில் நகர்ந்தால் ‘ஜி’ மேஜர். அதில் ‘எஃப்’ மட்டும் ஏன் ஷார்ப் ஆகிறது? ஆறாவது ஸ்வரமான ‘ஈ’யிலிருந்து இரண்டு ஃபிரெட் தாண்ட வேண்டும். சாதாரண ‘எஃப்’ ஒன்றிலேயே வந்துவிடுகிறது.

கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய படிக்கட்டு. 29-வது மேளகர்த்தாவான தீரசங்கராபரணத்தின் ஸ்வர ஸ்தானங்கள், வடக்கே பிலாவல். (கமகமில்லாமல் அது ராகமாகிவிடாது என்பது வேறு விஷயம்.)

உண்மையான சோதனை தந்தி மாறும்போதுதான். அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே 5 ஃபிரெட் வித்தியாசம். ‘ஜி’, ‘பி’ தந்திகளுக்கிடையே மட்டும் 4. மனப்பாடம் காலை வாருவது இங்கேதான். கணக்கு தெரிந்தவரோ ‘பி’ தந்தியில் விரலை ஒரு ஃபிரெட் மேலே தள்ளி வைத்து, நிற்காமல் வாசித்துக்கொண்டு போகிறார்.