புயலுக்குப் பின் கூரையில் மறைந்திருக்கும் சேதம்

2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசாவின் பூரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நாங்கள் அக்கடலோரக் கிளை ஒன்றில் பணியாற்றினோம். கூரை பறிபோனவர்கள் சில நாள்களிலேயே எங்களைத் தேடி வந்தனர். அவர்களது இழப்பு தெருவில் நின்று பார்த்தாலே தெரிந்தது. ஜூன் பிற்பகுதியில் பருவமழை தொடங்கிய பின் வேறு சிலர் வந்தனர். மே மாதத்தில் "எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதியுடன் சொன்ன வீட்டுக்கடன் வாடிக்கையாளர்கள் அவர்கள். இப்போது உட்கூரை முழுவதும் ஈரம். இது புயலால் நேர்ந்ததா, பழைய பழுதா என்று காப்பீட்டு மதிப்பீட்டாளர் கேட்டபோது காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு படம்கூட இல்லை. தேய்மானத்தால் வரும் சேதத்தைக் காப்பீடு ஏற்பதில்லை.

தகடு வேய்ந்த கூரையைக் காற்று மேல்நோக்கி இழுக்கிறது. தகடு சற்றே எழும்பி மீண்டும் படிந்துவிடும். பார்வைக்கு முன்போலவே இருக்கும். ஆனால் போல்ட்டுத் துளை அகன்றிருக்கும், வாஷர் கிழிந்திருக்கும். நண்பகலில் சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள். போல்ட்டைச் சுற்றி ஒளிப்புள்ளி தெரிந்தால் அவ்வழியே மழைநீரும் இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மீது ஏற வேண்டாம். விரிசல் கண்ட தகடு ஆள் எடையைத் தாங்காது.

கான்கிரீட் வீட்டினர் தமக்குக் கவலையில்லை என எண்ணுகின்றனர். நாங்கள் கண்டவரை ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. தளம் அசைவதில்லை, தளத்தின் மேல் பொருத்தியவை அசைகின்றன. தண்ணீர்த் தொட்டி, சூரிய வெந்நீர்க் கருவி, டிஷ் ஆன்டெனா ஆகியவற்றின் கால்கள் பதிந்த இடங்களையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளையும் கவனியுங்கள். ஐயமிருந்தால் அங்கே ஒரு மணி நேரம் நீர் தேக்கி, மறுநாள் காலை கீழே உட்கூரையைப் பாருங்கள்.

பழுது பார்க்கும் முன் தேதியுடன் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். தற்காலிகமாகத் தார்ப்பாய் விரிக்கலாம்; அதன் ரசீதை எறிந்துவிடாதீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல் சேதத்தை ஏற்கிறது. பொறியாளர் கட்டணத்தையும் இழப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை தருகிறது. பலர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

வீட்டுக்கடன் நிலுவையில் உள்ளவர்கள் கிளைக்கும் தகவல் தர வேண்டும். பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால் எங்கள் ஒப்புதலின்றி இழப்பீடு கைக்கு வராது.