வாய்விட்டு யோசியுங்கள்!

பேசக் கூடாது, திரும்பக் கூடாது, சந்தேகம் கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்ஜினீயரிங் காலேஜ் வரை தேர்வு அறை நமக்குப் பழக்கிவிட்ட ஒழுங்கு இது. அதே ஒழுங்கோடு சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால் சிக்கல்தான். அங்கே கப்சிப்பென்று இருப்பதுதான் தப்பு.

முதலில் ஆன்லைன் டெஸ்ட். குறித்த நேரத்துக்குள் இரண்டு, மூன்று கணக்குகள். திருத்துவது கம்ப்யூட்டர் என்பதால் பேச்சுக்கு வேலையில்லை. அதைத் தாண்டினால் டெக்னிக்கல் ரவுண்டுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். எதிரே ஓர் இன்ஜினீயர் இருப்பார். நீங்கள் டைப் செய்வதை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார்.

500 கோடியிலிருந்து ஒரு லட்சம்

'ஒரு லட்சம் எண்கள் இருக்கின்றன. கூட்டினால் 100 வரும் ஜோடியைக் கண்டுபிடியுங்கள்' என்கிறார். உடனே கீபோர்டில் கை வைக்காதீர்கள். இப்படிப்பட்ட கேள்விகளைப் பல நேரம் வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் கேட்பார்கள். எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, மைனஸ் எண்கள் வருமா, ஜோடியே இல்லையென்றால் என்ன செய்வது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிறகு, முதலில் தோன்றும் சுமாரான வழியையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகள். 'இது கட்டுப்படியாகாது' என்று நீங்களே சொல்லுங்கள். மாறாக, வரும் எண்களை ஹேஷ் டேபிளில் (ஓர் எண் இருக்கிறதா என்று சட்டென்று பார்க்க உதவும் பட்டியல்) போட்டுக்கொண்டே போனால்? 37 வரும்போது, 63 ஏற்கெனவே வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். ஒரு லட்சம் முறை பார்ப்பதோடு முடிந்தது. இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கும் மார்க் உண்டு. நடுவில் சிக்கிக்கொண்டாலும், எங்கே சிக்கினீர்கள் என்று தெரிந்தால்தானே அவர் ஒரு துப்புக் கொடுக்க முடியும்?

தெரிந்ததும் மறக்கும்

சொல்வது சுலபம். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. கலந்துகொண்ட 48 பேரில் ஒரு பாதி தனி அறையில் கணக்குப் போட்டது. மறுபாதி, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கிக்கொண்டே போட்டது. இரண்டாம் அணியின் செயல்திறன் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆக, கணக்குப் போடுவது ஒரு திறமை. இன்னொருவர் முன்னால் பேசிக்கொண்டே போடுவது வேறொரு திறமை. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

கூச்சம் எதற்கு?

அடுத்து வரும் மேனேஜர் ரவுண்டில் 'டீமில் யாரோடாவது முரண்பட்டதுண்டா?' என்பதுபோல் கேட்பார்கள். பொதுவான தத்துவம் எடுபடாது. நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று முடிக்காமல், அதில் உங்கள் பங்கு என்ன என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கடைசியில் ஹெச்.ஆர். ரவுண்டு. ஆஃபர் லெட்டரில் இருக்கும் சி.டி.சி., அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, அப்படியே கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். 'மாதம் கையில் எவ்வளவு வரும்?' என்று கேட்டுவிடுங்கள். இங்கேயும் வாய் திறக்காதவருக்குத்தான் நஷ்டம்.

எனவே, இன்றிலிருந்தே கணக்கைச் சத்தமாகப் போட்டுப் பழகுங்கள். 'தனியா யார்கிட்டடா பேசிட்டு இருக்கே?' என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தால், தயாரிப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம்.