அமெரிக்கா செல்லும் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கு: பெற்றோர் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளையின் கல்விக் கடன் பெற்று அமெரிக்காவுக்குப் பட்டப்படிப்புக்குச் சென்ற ஒரு மாணவர், சென்ற நவம்பரில் ஓர் இரவு எனக்குப் போன் செய்தார். "மாமா, வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஒரு நூறு டாலர் அவசரமா வேணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகுதான் சொன்னார்: சாப்பாட்டு அட்டையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது, மூன்று நாட்களாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பா, "புள்ளை அங்கே போய்ப் பசியோடு கிடக்கக் கூடாது, பாய்" என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய சாப்பாட்டுத் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தார். மனைவியின் நகையை வைத்துக் கட்டிய பணம் அது. விசாரித்தபோது விஷயம் தெளிவாயிற்று. அதே அட்டையில் ஒருபக்கம் பணம் தீர்ந்திருந்தது. மறுபக்கம் வாரா வாரம் பல வேளைச் சாப்பாடு எடுக்கப்படாமல் வீணாகிக்கொண்டிருந்தது. முழுப் பணமும் கட்டிய பிறகும் பிள்ளை பசித்திருக்கிறார். கணக்கு புரியாததுதான் காரணம்.

அந்தத் தம்பியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இந்த ஆண்டும் நம் மஹல்லாவிலிருந்து சில பிள்ளைகள் புறப்படத் தயாராகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படித்துவிடுங்கள்.

ஒரே அட்டை, மூன்று கணக்கு

நம் ஊர்க் கல்லூரி விடுதியில் மெஸ் பில் மாதக் கடைசியில் வரும். சாப்பிட்டதற்குப் பங்கு பிரிப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி இல்லை. ஒரு பருவத்துக்கு, அதாவது ஒரு செமஸ்டருக்கு உரிய பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது மாணவர் அடையாள அட்டையில் ஏறும். விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் இது கட்டாயம். அந்த அட்டைக்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கலாம்.

முதலாவது, வேளைக் கணக்கு. இதை 'ஸ்வைப்' என்பார்கள். ஒரு முறை அட்டையைத் தேய்த்தால் உணவுக்கூடத்துக்குள் போகலாம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஒரு தோசை தின்றாலும் ஒரு வேளைதான், வயிறு முட்டத் தின்றாலும் ஒரு வேளைதான். இதில் இரண்டு வகை உண்டு. வாரத்துக்கு இத்தனை வேளை என்பது ஒரு வகை. பருவம் முழுவதற்கும் இத்தனை வேளை என்று மொத்தமாகக் கொடுப்பது இன்னொரு வகை.

இரண்டாவது, டைனிங் டாலர். சில இடங்களில் ஃப்ளெக்ஸ் டாலர் என்றும், பாயிண்ட் என்றும் பெயர் மாறும். வளாகத்துக்குள் இருக்கும் காபிக் கடை, சாண்ட்விச் கடை, சிறு மளிகைக் கடை ஆகியவற்றில் இதைக் கொண்டு வாங்கலாம். வாங்க வாங்கக் குறையும். நம் செல்போனில் ரீசார்ஜ் செய்த பணம் மாதிரி.

மூன்றாவது, பொதுப் பணக் கணக்கு. துணி துவைக்கும் இயந்திரம், அச்சுப் பிரதி, புத்தகக் கடை ஆகியவற்றுக்கும் பயன்படும். இதற்கான விதிகள் வேறு. இதை டைனிங் டாலரோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் தம்பிக்கு நேர்ந்தது இதுதான். முதல் கணக்கில் இருந்ததை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் இரண்டாம் கணக்கிலிருந்தே எடுத்திருக்கிறார்.

எது எப்போது காலாவதி?

வார வேளைகள் அந்த வாரத்தோடு போய்விடும். பதினான்கில் ஒன்பதைத்தான் எடுத்தீர்கள் என்றால், மீதி ஐந்தும் வாரக் கடைசியில் அழிந்து, புது வாரம் மறுபடி பதினான்கோடு தொடங்கும். மொத்த வேளைகள் பருவ முடிவில் போய்விடும்.

டைனிங் டாலர் பல பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட்-டிசம்பர் பருவத்திலிருந்து ஜனவரி-மே பருவத்துக்கு நகரும். அதுவும் அடுத்த பருவத்துக்கும் திட்டம் எடுத்திருந்தால்தான் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மே மாதத்தோடு மிச்சம் அழிந்துவிடும். பணமாகத் திருப்பித் தருவது அரிது. திட்டத்தைப் பெரிதிலிருந்து சிறியதாக மாற்றவும் பருவம் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்கள்தான் அவகாசம். அந்தக் கடைசித் தேதியை முதல் நாளே குறித்து வையுங்கள்.

விலையைப் பிரித்துப் பாருங்கள்

விலைப் பட்டியலில் ஒரே தொகைதான் போட்டிருக்கும். அதை நாம்தான் பிரிக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தொகை மாறும்.

ஒரு பருவத் திட்டம் 2,500 டாலர். வாரம் 14 வேளை, கூடவே 400 டைனிங் டாலர். ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால், 2,25,000 ரூபாய். டைனிங் டாலர் 400ஐக் கழித்தால், வேளைகளுக்கு நாம் கொடுப்பது 2,100 டாலர். பருவம் ஏறக்குறைய 16 வாரம். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் 'தேங்க்ஸ்கிவிங்' விடுமுறையில் உணவுக்கூடம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும் என்பதால் 15 வாரம் என்று கொள்வோம். 15 வாரத்துக்கு 210 வேளை. ஒரு வேளை 10 டாலர்.

பிள்ளை வாரத்துக்கு 9 வேளைதான் போகிறார் என்றால், 135 வேளைதான் ஆகும். 2,100ஐ 135ஆல் வகுத்தால் ஒரு வேளை பதினைந்தரை டாலருக்கு மேல், ஏறக்குறைய 1,400 ரூபாய். எடுக்காமல் விட்ட 75 வேளையின் மதிப்பு 750 டாலர், 67,500 ரூபாய். ஒரே பருவத்தில்! உள்ளூரில் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அது போதும். வீண்விரயத்தை நம் மார்க்கம் எவ்வளவு கண்டிக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பெரிய திட்டம்தான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். காலையில் எழுந்து உணவுக்கூடம் போகிற பழக்கம் பிள்ளைக்கு உண்டா என்று உண்மையாகக் கேளுங்கள். வீட்டில் பசியாறாமலே கல்லூரிக்கு ஓடியவர், அங்கே போய் ஏழு மணிக்கு எழுந்து போவார் என்று எண்ணிப் பணம் கட்டாதீர்கள்.

டைனிங் டாலருக்கு வாரக் கணக்கு

400 டாலர் என்றால் முதல் வாரத்தில் பெரிய தொகையாகத் தெரியும். தினமும் ஒரு காபி, ஒரு தின்பண்டம் என்று 8 டாலர் போனால், வாரத்தில் ஐந்து நாளைக்கு 40 டாலர். பத்தே வாரத்தில் கணக்கு காலி. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினால் நவம்பர் முதல் வாரத்தில் தீர்ந்துவிடும். தேர்வு டிசம்பரில்! நம் தம்பிக்கு நடந்தது அப்படியே இதுதான்.

இப்படிச் செய்யலாம். முதலில் 40 டாலரைத் தேர்வு வாரத்துக்கென்று மனதில் ஒதுக்கிவிட வேண்டும். மீதி 360. அதை 15 வாரத்தால் வகுத்தால் வாரம் 24 டாலர். அதுதான் எல்லை.

வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆ முடிந்து வந்ததும், அட்டையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். பல்கலைக்கழகச் செயலியிலேயே தெரியும். ஆறு வாரம் கழித்து மிச்சம் 190 டாலர்தான் என்று வைத்துக்கொள்வோம். தேர்வுக்கான 40ஐக் கழித்தால் 150. இன்னும் 9 வாரம். இனி வாரத்துக்கு 16 டாலர்தான். இந்த ஒரு வகுத்தலைத் தவறாமல் செய்துவந்தால், தீர்ந்த பிறகு திகைக்க வேண்டியிருக்காது.

ஹலால் பற்றிக் கேட்காமல் திட்டம் எடுக்காதீர்கள்

பல்கலைக்கழகம் 'ஹலால் கிடைக்கும்' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்கே, எந்த நாளில், எந்த வேளையில் என்று கேளுங்கள். நம் தம்பியின் உணவுக்கூடத்தில் ஹலால் கறி வாரத்தில் இரண்டே நாள் இரவுதான். மற்ற நாட்களில் அவர் வெளிக் கடைகளில் மீன் சாண்ட்விச்சும் முட்டையும் வாங்கியிருக்கிறார். வேளைகள் வீணானதும் டாலர் தீர்ந்ததும் இதனால்தான்.

ஹலால் உணவு உணவுக்கூடத்துக்குள் கிடைத்தால் வேளைகள் அதிகமுள்ள திட்டம் சரி. வெளிக் கடையில்தான் கிடைக்கும் என்றால் வேளைகள் குறைந்து டைனிங் டாலர் கூடிய திட்டமே பொருந்தும். கறிக்கு ஹலால் சான்று உண்டா, ஒரே கல்லில் பன்றி இறைச்சியும் வாட்டுகிறார்களா, பொரிக்கும் எண்ணெய் தனியா, குழம்பில் மது சேர்க்கிறார்களா, இனிப்பில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்றும் கேட்கலாம். உணவுப் பிரிவில் இதற்கென்றே உணவியல் அலுவலர் இருப்பார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தேவைக்கேற்ற உணவு அங்கே கிடைக்கவே இல்லை என்றால், மார்க்கக் காரணத்தைக் காட்டிக் கட்டாயத் திட்டத்திலிருந்து விலக்கோ மாற்றமோ கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கப் பல பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. சேர்ந்த பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

ரமளானுக்கு முன்னேற்பாடு

2027ஆம் ஆண்டு ரமளான், பிறையைப் பொறுத்து, பிப்ரவரி 8ஐ ஒட்டித் தொடங்கும். முழு மாதமும் வகுப்பு நடக்கும் காலத்தில்தான் வரும். அந்த மாதத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் மஃரிப் மாலை ஐந்தரை, ஆறு மணியளவில் ஆகிவிடும். உணவுக்கூடம் திறந்திருக்கும் நேரம். இஃப்தாருக்குச் சிரமம் இல்லை. ஸஹருக்குத்தான் எல்லாம் மூடியிருக்கும்.

பகல் வேளைகள் வீணாகாமல் இருக்க, இஃப்தார் நேரத்திலேயே இன்னொரு ஸ்வைப் போட்டு ஸஹர் உணவைப் பொட்டலமாக எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் நோன்பாளிகளுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து தருகிறார்கள். 1963இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முஸ்லிம் மாணவர் சங்கத்துக்கு இன்று ஏராளமான வளாகங்களில் கிளைகள் உண்டு. அவர்களைக் கேட்டால் அந்த வளாகத்தின் வழக்கம் தெரிந்துவிடும். அந்த வசதி இல்லையென்றால், பால், ரொட்டி, முட்டை, வாழைப்பழம் என்று ஒரு ஸஹருக்கு 4 டாலர் வீதம் 30 நாளைக்கு 120 டாலரை அந்தப் பருவத்தின் டைனிங் டாலரில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

முதுநிலை மாணவர்களுக்கு

எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுத் திட்டம் பெரும்பாலும் கட்டாயமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துச் சமைப்பதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம், செலவும் குறைவு. ஐ-20 படிவத்தில் வாழ்க்கைச் செலவு என்று போட்டிருப்பது ஒரு மதிப்பீடு. அத்தனையையும் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. வகுப்பு நாளில் மதியத்துக்கு மட்டும் தேவையென்றால், 25 வேளை, 50 வேளை என்ற சிறு திட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

தீர்ந்துவிட்டால் மறைக்க வேண்டாம்

பிள்ளைகளே, இது உங்களுக்கு. எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு முறை கணக்கு தவறலாம். அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். பல வளாகங்களில் மாணவர்களுக்கு இலவசமாக மளிகை தரும் உணவு வங்கி இருக்கிறது. வெளிநாட்டு மாணவரும் போகலாம். மாணவர்கள் தங்களிடம் மிஞ்சும் வேளைகளைத் தேவையுள்ள மாணவருக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. 2010இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தொடங்கிய 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' என்ற முயற்சி இன்று பல வளாகங்களுக்குப் பரவியிருக்கிறது. உங்களிடம் வேளை மிஞ்சினாலும் அங்கே கொடுங்கள், நன்மை உங்களுக்கு.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். "இன்னும் எத்தனை வாரம் இருக்கு, அட்டையில எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு இந்தத் திட்டம் கட்டாயமா? மிகச் சிறிய திட்டம் எது?
2. வேளைகள் வாரக் கணக்கா, பருவக் கணக்கா?
3. டைனிங் டாலர் அடுத்த பருவத்துக்கு நகருமா? என்று காலாவதி?
4. திட்டத்தைக் குறைக்கக் கடைசித் தேதி எது?
5. ஹலால் உணவு எங்கே, எந்த நாட்களில்? அங்கே ஸ்வைப் செல்லுமா, டாலரா?
6. விடுமுறை நாட்களில் எந்தக் கூடம் திறந்திருக்கும்?
7. ரமளானில் ஸஹருக்கு என்ன ஏற்பாடு?

இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் எழுதவோ கணக்குப் போடவோ உதவி வேண்டுமானால், அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். திட்டத்தின் விலைப் பட்டியலையும் கையோடு கொண்டு வாருங்கள். சேர்ந்து வகுத்துப் பார்ப்போம்.

அந்தத் தம்பி இரண்டாம் பருவத்தில் சிறிய திட்டத்துக்கு மாறிவிட்டார். நான் அனுப்பிய நூறு டாலரைப் போன மாதம் திருப்பித் தந்தார். வாப்பாவிடமும் அவரே சொல்லிவிட்டார். அல்ஹம்து லில்லாஹ்.

வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும் ஹலாலான உணவையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்