உஷார்! மாஸ்க் தொளதொளத்தால் உடனே சொல்லுங்கள்

ஊத்தங்கரை பக்கமிருந்து கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வேலூருக்கும் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்வருகிறவர்கள், துணைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரம் கதிர்வீச்சு தருகிறார்கள். ஆரம்பத்தில் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்து, அதோடு சி.டி. ஸ்கேன் எடுத்து, எங்கே எவ்வளவு கதிர் என்று மில்லிமீட்டர் கணக்கில் திட்டம் போடுகிறார்கள். மூன்றாவது வாரம் ஆனால் வாயெல்லாம் புண். கஞ்சிகூட எரியும். கன்னம் ஒட்டிப்போகும், கட்டியும் கரையும். மாஸ்க்கும் திட்டமுமோ பழைய முகத்துக்குப் போட்டவை!

2004-ல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 14 பேரின் சிகிச்சை நெடுகிலும் சி.டி. எடுத்துப் பார்த்து ஆய்வு வெளியிட்டது. கட்டி நாளுக்குச் சுமார் 1.8 சதவீதம் சுருங்கியது. காதோர உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சுருங்கி, 3 மில்லிமீட்டர் உள்பக்கம் நகர்ந்திருந்தன. 3 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கதிர் அதிகம் விழும் பக்கமாகத்தான் அவை நகர்கின்றன. சுரப்பி பாழானால் ஆயுசுக்கும் வாய் வறளும்.

சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து எடை குறைந்ததை மறைக்காதீர்கள். மாஸ்க்குக்குள் தாடை அசைந்தால் டெக்னீஷியனிடம் அங்கேயே சொல்லுங்கள். மெஷினிலேயே கோன் பீம் சி.டி. இருந்தால், படுத்த வாக்கிலேயே படமெடுத்துப் பழைய படத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். வித்தியாசம் அதிகமென்றால் புது மாஸ்க், புதுத் திட்டம். எத்தனை நாளுக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் போகிற பெண்கள் இன்னும் உஷார்! மூத்திரப்பை நிறைவதைப் பொறுத்துக் கர்ப்பப்பை இடம் மாறும். அதனால்தான் பல இடங்களில் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, காத்திருந்து படுக்கச் சொல்கிறார்கள். ஓசூர் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் பஸ் நின்றுவிடுமே, எங்கே இறங்குவது என்று விடிகாலையிலிருந்து தண்ணீரே தொடாமல் போனால், அங்கே போய் ஒரு சொம்பு குடித்தாலும் பை சீக்கிரம் நிறையாது. சி.டி. எடுத்த அன்று நிறைந்த பை, இன்று காலிப் பை. நிறையவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், காத்திருக்க வைப்பார்கள். துணைக்குப் போகிற புருஷனோ தம்பியோ இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வாய்ப் புண் தாங்கவில்லை என்று ஒரு வாரம் ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். அந்த இடைவெளியில் கட்டி மறுபடி தலைதூக்கும். மூக்கு வழியே டியூப் போட்டு ஆகாரம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், அன்றைக்கே சம்மதியுங்கள்.