பட்டமளிப்புக்குப் பிரிட்டன் போகும் பெற்றோர்: கோடையில் கையைக் கடிக்காமல் சுற்றிப் பார்க்க என்ன வழி?

பிரிட்டனில் உள்ள பல பல்கலைக்கழகங்கள் ஜூலை மாதத்தில்தான் பட்டமளிப்பு விழாவை நடத்துகின்றன. மகனோ மகளோ அனுப்பும் தகவலில் 'பெற்றோருக்கு இரண்டு இருக்கை' என்றிருக்கும். அன்று இரவே வீட்டில் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பவுண்டு ஐந்தரை ரிங்கிட்டை ஒட்டி ஏறி இறங்குகிறது. பிள்ளையின் படிப்புக்கே இபிஎஃப் சேமிப்பில் கை வைத்த குடும்பத்துக்கு, விமான டிக்கெட்டுக்கு மேல் பத்து நாள் செலவு என்பது பயமுறுத்தும் தொகைதான். அதனால் விழா முடிந்த மறுநாளே திரும்பிவிடுவோரும் உண்டு. அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு அம்மா வீட்டிலிருந்து காணொலியில் பார்த்த குடும்பங்களும் உண்டு.

அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. பிரிட்டனில் செலவைத் தீர்மானிப்பது எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, எந்த வாரத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு முன்கூட்டிப் பணம் கட்டுகிறோம் என்பதுதான். ஒரே ரயிலில், ஒரே இருக்கை வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட ஐந்து மடங்கு கொடுத்திருக்கலாம்.

முதலில் நாள் கணக்கு. இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்கள் ஜூலை கடைசி வாரத்தை ஒட்டி மூடி, செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கின்றன. அந்த ஆறு வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்களே ஊர் சுற்றக் கிளம்புவதால் கடலோரத் தங்குவிடுதி முதல் ரயில் வரை எல்லாமே விலை ஏறும். விழா ஜூலை நடுவில் என்றால், சுற்றிப் பார்ப்பதை விழாவுக்குப் பின் வைக்காமல் முன்பே முடித்துக்கொள்வது மலிவு. ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரங்களில் லண்டனில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் பொழுது சாய்கிறது. ஒரு நாள் அறை வாடகையில் ஒன்றரை நாள் வெளிச்சம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்துப் பள்ளிகளோ ஜூன் கடைசியை ஒட்டியே மூடி, ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடுகின்றன. ஆனால் எடின்பரோ நகருக்கு ஆகஸ்ட்டில் போகத் திட்டமிடுவோர் யோசிக்க வேண்டும். அங்கு நடக்கும் கலை விழாக்களுக்கு உலகமே திரண்டு வருவதால், சாதாரண அறைகூட எட்டாத விலைக்குப் போய்விடும்.

மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ எனப்படும் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். தொடக்கத்தில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டு ஆனது. விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது. அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு, அல்லது கடப்பிதழ் காலாவதியாகும் வரை செல்லும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. பிரிட்டன் அரசாங்கத்தின் சொந்தச் செயலியிலோ இணையத்தளத்திலோ மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில இடைத்தரகு தளங்கள் அதே வேலைக்குப் பல மடங்கு வாங்கிவிடுகின்றன.

ரயிலில்தான் பணம் ஓடுகிறது

பிரிட்டனில் தெரியாமல் அதிகம் இழப்பது ரயிலில்தான். நம் ஊரில் கேடிஎம் கொமுட்டர் நிலையத்துக்குப் போய் அப்போதே டிக்கெட் எடுப்பதுபோல, லண்டன் யூஸ்டன் நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் போய் நின்று மான்செஸ்டருக்கு டிக்கெட் கேட்டால் தலை சுற்றும். எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற 'எனிடைம்' போக-வர டிக்கெட் 350 பவுண்டைத் தாண்டும். அதே தடத்தில், பல வாரங்களுக்கு முன்பே குறிப்பிட்ட ரயிலுக்கு எடுக்கும் 'அட்வான்ஸ்' டிக்கெட் ஒரு வழிக்கு 30, 40 பவுண்டு அளவில் கிடைப்பதுண்டு.

அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பொதுவாகப் பயணத்துக்கு 12 வாரங்கள் முன்பிருந்து விற்பனைக்கு வருகின்றன. ஜூலை நடுவில் விழா என்றால் ஏப்ரல் கடைசியிலேயே பார்க்கத் தொடங்கலாம். விலை குறைந்தவை முதலில் தீரும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. குறித்த ரயிலைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் செல்லாது. விமானம் தரையிறங்கும் நாளுக்கு அட்வான்ஸ் எடுப்பது அதனால் ஆபத்தான சூதாட்டம். குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாளுக்கு மட்டும் 'ஆஃப்-பீக்' டிக்கெட்டோ நெடுந்தூரப் பேருந்தோ பொருத்தம்.

தம்பதியராகச் செல்வோருக்கு 'டூ டுகெதர்' என்ற தள்ளுபடி அட்டை உண்டு. அதில் இருவரின் பெயரும் படமும் இருக்கும். இருவரும் சேர்ந்து பயணித்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாள்களில் காலை 9.30க்குப் பிறகு கிளம்பும் பயணங்களுக்கு மட்டுமே இது செல்லும். 2025 நிலவரப்படி அட்டையின் விலை 35 பவுண்டு. அதாவது இருவரின் ரயில் செலவும் சேர்ந்து 105 பவுண்டைத் தாண்டினால்தான் அட்டை வாங்குவதில் லாபம். 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தனி மூத்தோர் அட்டை இருக்கிறது. வயதைக் காட்டக் கடப்பிதழ் போதும். இந்த அட்டைகளுக்குப் பிரிட்டனில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 'குரூப்சேவ்'. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால், பல ரயில் நிறுவனங்களில் ஆஃப்-பீக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. எந்த அட்டையும் வேண்டாம். அப்பா, அம்மா, பட்டம் வாங்கிய பிள்ளை என்று மூன்று பேர் ஆகிவிட்டதே, அது போதும். இணையத்தில் பயணிகள் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்தால் தள்ளுபடி தானாகத் தெரியும். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணமும் இல்லை. எந்த நிறுவனத்தின் தளத்திலும் நாடு முழுமைக்குமான டிக்கெட் கிடைக்கும்.

ரயில் தாமதமானால் இழப்பீடு கேட்கலாம். நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்திலிருந்தே பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு நடந்து, ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றிவிடுவது அங்கு சாதாரணம். பெட்டிப் படுக்கையோடு ஞாயிறு பயணம் செய்யாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

நேரம் இருப்போருக்கு நேஷனல் எக்ஸ்பிரஸ், ஃபிளிக்ஸ்பஸ், மெகாபஸ் போன்ற நெடுந்தூரப் பேருந்துகள் ரயிலைவிடப் பெரும்பாலும் மலிவு. உள்ளூர்ப் பேருந்துகளுக்கு இங்கிலாந்தில் அரசாங்கம் விலை வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜனவரி முதல், திட்டத்தில் சேர்ந்த பேருந்துகளில் ஒரு வழிப் பயணம் 3 பவுண்டுக்கு மேல் போகாது. லேக் மாவட்டத்தில் ஓடும் 555 எண் பேருந்து ஏரிக்கரையிலும் மலைச்சரிவிலும் ஊர்ந்து விண்டர்மியரிலிருந்து கெஸ்விக் வரை போகிறது. அதே காட்சிக்குச் சுற்றுலா நிறுவனங்கள் வாங்குவது வேறு கணக்கு.

லண்டனுக்குள்

ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் விளம்பரம்தான். கால் மணி நேரத்தில் நகருக்குள் போய்விடலாம். அன்றே எடுத்தால் ஒருவருக்கு 25 பவுண்டு அளவில் ஆகும். பிக்கடில்லி சுரங்க ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். செலவு 6 பவுண்டை ஒட்டித்தான். பதினான்கு மணி நேரம் பறந்து வந்தவருக்கு இன்னொரு முக்கால் மணி நேரம் பெரிதல்ல.

லண்டன் பேருந்துகளில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டையைத் தொட்டால் போதும். ஒரு பயணம் 1.75 பவுண்டு, முதலில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே காசுதான். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே அட்டையில் கணவனும் மனைவியும் போக முடியாது. ஆளுக்கோர் அட்டை வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் இங்கேயே விசாரித்துவிட வேண்டும். கடையில் அட்டை இயந்திரம் 'ரிங்கிட்டா, பவுண்டா' என்று கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரிங்கிட் என்று அழுத்தினால் நாணய மாற்று விகிதத்தை அந்த இயந்திரம் தீர்மானிக்கும். அது நமக்குச் சாதகமாக இருப்பதில்லை.

உடன் வரும் தம்பி தங்கைகள் 11 வயதுக்குக் கீழ் என்றால், பெரியவரோடு பேருந்திலும் சுரங்க ரயிலிலும் இலவசம். 11 முதல் 15 வயது வரை உள்ளோருக்கு ஆய்ஸ்டர் அட்டையில் 'யங் விசிட்டர்' சலுகையைப் பதிந்து தரும்படி நிலைய ஊழியரைக் கேட்க வேண்டும். 14 நாள்களுக்குப் பாதிக் கட்டணம். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

தங்குவதற்கு, கோடை விடுமுறையில் காலியாகும் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் அந்த அறைகளைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. சிலவற்றில் பொதுச் சமையலறையும் இருக்கும். மசாலாத் தூள் கொண்டுபோனால் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு போயிற்று. ஆனால் இறைச்சி, பால் பொருள்களைப் பெட்டியில் வைக்கக்கூடாது. நம் நாட்டிலிருந்து அவற்றைக் கொண்டுபோகத் தடை. பிரீமியர் இன், டிராவலாட்ஜ் போன்ற விடுதிகள் அறைக்குத்தான் வாடகை வாங்குகின்றன, தலைக்கு அல்ல. பிள்ளைகளோடு போவோருக்குக் குடும்ப அறை கட்டுபடியாகும்.

காசு கொடுக்க வேண்டாத இடங்கள்

பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க 2001 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் மியூசியம் அதற்கு முன்பிருந்தே இலவசம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன அமராவதிச் சிற்பங்கள் அங்குதான் இருக்கின்றன. இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் இலவச நுழைவுச் சீட்டையும் இணையத்தில் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

வடக்கே யார்க் நகரில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவும் இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகம் தொட்டு, நீராவி ரயிலுக்கான உலகச் சாதனை படைத்த மல்லார்ட் இயந்திரம் அங்கு நிற்கிறது. தாத்தா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அவர்களுக்கு அரை நாள் போதாது.

காசு கொடுத்தே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், தோட்டப்புறத்திலிருந்து போகும் குடும்பத்துக்கு அது கியூ தாவரவியல் பூங்காதான். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்து கியூவில் சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் வாளியோடு போய் நின்ற பால் மரங்களின் மூதாதை அந்தக் கண்ணாடி வீட்டில் முளைத்ததுதான். கட்டணம் குறைவில்லை, ஆனால் நுழைவாயிலில் வாங்குவதைவிட இணையத்தில் முன்பே எடுத்தால் விலை இறங்கும்.

லண்டனில் நம் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பகுதிகளில் தோசையும் கொத்து ரொட்டியும் நகர மையத்தைவிட மலிவு. மையப் பகுதி உணவகங்களில் பில்லில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் கட்டாயம் அல்ல. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். மதியத்துக்குப் பேரங்காடிகளின் 'மீல் டீல்' 4 பவுண்டு அளவில் முடிந்துவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் போத்தல் வாங்கத் தேவையில்லை. ஆகஸ்ட் வரை தங்குவோர் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத்தின் தேர்த்திருவிழா எந்த ஞாயிறு என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். லண்டன் தெருவில் தேர் போவதைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பரிசுப் பொருள் வாங்குவோர், கடையில் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம் என்ற பழைய நினைப்பில் வாங்கக்கூடாது. சுற்றுப்பயணிகளுக்கு இருந்த அந்தச் சலுகை 2021 ஜனவரி முதல் இல்லை.

எதில் மிச்சம் பிடித்தாலும் பயணக் காப்புறுதியில் பிடிக்கக்கூடாது. பிரிட்டன் மருத்துவமனைகள் எல்லாருக்கும் இலவசம் என்று இங்கு பலர் நினைக்கிறார்கள். அவசரப் பிரிவில் முதல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால், இங்கிலாந்தில் சுற்றுப்பயணியிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை மறைக்காமல் காப்புறுதிப் படிவத்தில் எழுத வேண்டும். மாத்திரைகளை மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.