உழவர் கடன் அட்டையைக் காப்பது எப்படி?

சம்பா நாற்று விடும் காலத்தில் விதை, உரம், உழவுக் கூலி என்று செலவு அடுத்தடுத்து வரும். அப்போது கைகொடுப்பது பயிர்க்கடன். கிசான் கிரெடிட் கார்டு எனப்படும் உழவர் கடன் அட்டைத் திட்டம் 1998ஆம் ஆண்டு தொடங்கியது. 2012இல் திட்டம் திருத்தப்பட்டபோது, ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கவும் இவ்வட்டை பயன்படும்படி வழி செய்யப்பட்டது. இதனால் அலைச்சல் குறைந்தது. ஆனால் அட்டையும் ரகசிய எண்ணும் பிறர் கைக்குப் போனால், சாகுபடிப் பணம் சில நிமிடங்களில் பறிபோகும். பணம் போனாலும் கடன் நம் பெயரில் நிற்கும், வட்டியும் ஏறும்.

ஏமாற்றும் விதங்கள்

ஏ.டி.எம்.மில் தடுமாறுவோரிடம், "நான் எடுத்துத் தருகிறேன் ஐயா" என்று ஒருவர் வருவார். ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் உள்ள வேறு அட்டையைத் திருப்பித் தந்துவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகே அட்டை மாறியது தெரியும்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "உங்கள் அட்டை முடங்கிவிட்டது, செல்போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்பது இன்னொரு விதம். அந்த எண்தான் ஓ.டி.பி. அதைச் சொல்வது பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரால் வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகளும் வருகின்றன. அவற்றைத் திறந்தால் செல்போனில் உள்ள விவரங்கள் திருடர் கைக்குப் போய்விடும்.

வைக்கோலோ மாடோ விற்கும்போது, "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பாரும் உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ரகசிய எண்ணை அட்டையிலோ உறையிலோ பாஸ் புத்தகத்திலோ எழுதி வைக்கக் கூடாது. மனதில் இருத்த வேண்டும்.

2. ஏ.டி.எம்.மில் உதவி தேவையானால் வீட்டாரை அழைத்துச் செல்லவும். எண்ணை அழுத்தும்போது கையால் மறைக்கவும். வெளியே வருமுன் அட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பார்க்கவும்.

3. உரக்கடையிலோ கடன் கொடுத்தவரிடமோ அட்டையை விட்டு வரக் கூடாது. கடையில் பயன்படுத்தினால் நம் கண் முன்னே இயந்திரத்தில் போடச் செய்து, தொகையைப் பார்த்த பின் எண்ணை அழுத்தவும்.

4. நாம் கையில் வைத்திருக்கும் செல்போன் எண்ணையே வங்கியில் பதிய வேண்டும். வேறொருவர் எண்ணைக் கொடுத்திருந்தால், பணம் எடுக்கப்பட்ட செய்தி நமக்கு வராது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகையும் வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது என்பதை நினைவில் கொள்ளவும்.

பணம் போய்விட்டால்

முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்க வேண்டும். அட்டையின் பின்புறம் உள்ள வங்கித் தொலைபேசி எண்ணைத் தனியே எழுதி வீட்டில் வைத்திருப்பது நல்லது. அடுத்து 1930 என்ற எண்ணுக்குப் பேசவும். இது இணையவழிப் பண மோசடிக்கான அரசின் உதவி எண். விரைந்து சொன்னால், பணம் கைமாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. புகாருக்குத் தரும் எண்ணைக் குறித்துக் கொள்ளவும்.

ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிகளின் சாரம் இது: வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வெளியார் மோசடியால் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி கிடைத்த பிறகு 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. 4 முதல் 7 நாள் வரை தாமதித்தால் ஒரு பகுதியை நாம் ஏற்க நேரும். ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஏமாந்தோமே என்று வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய நட்டம்.

புகையான் ஒரு திட்டில் தெரிந்தவுடன் கவனித்தால் வயல் தப்பும். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வயலே கருகிக் கிடக்கும். அட்டை விஷயமும் அவ்வாறே. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாமலும், தவறு நேர்ந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லியும் விவசாயிகள் தங்கள் சாகுபடிப் பணத்தைக் காத்துக் கொள்ளலாம்.