வஞ்சிரத் துண்டம் வறுக்கும் பக்குவம்

கடலூர் முதுநகரிலும், வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையிலும் கரையேறும் வஞ்சிரம் சிதம்பரத்தைச் சுற்றிய கிராமங்களுக்கும் விற்பனைக்கு வருகிறது. வழியில் ஐஸ் குறையுமாயின் கேடு அங்கேயே தொடங்கிவிடும். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி முதலியவை வெப்பத்தில் கிடந்தால் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகுகிறது. உண்டவருக்கு முகச்சிவப்பும் தலைவலியும் வாந்தியும் காணும். அடுப்பின் சூட்டினால் அது அழிவதில்லை. மசாலை நாற்றத்தை மறைக்குமேயன்றி நஞ்சை நீக்காது. ஆதலின் செவுள் சிவந்து, அழுத்திய விரலுக்கு எதிர்த்து நிற்கும் மீனைத் தேர்ந்து, கண்ணெதிரே அறுப்பித்து வாங்குதல் உசிதம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களில் இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டும்.

அரை அங்குலக் கனமுள்ள துண்டங்களின் ஈரத்தை ஒற்றி, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சிறிது புளிக்கரைசல் தடவி 20 நிமிஷம் வைத்தால் போதும். இரவு முழுதும் ஊறவைப்பதே சிறப்பென்பார் உளர். புளிப்பில் நெடுநேரம் கிடந்த தசை வெளுத்து உதிர்ந்துபோகும். நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, பக்கத்துக்கு 3 அல்லது 4 நிமிஷம் வறுக்கலாம். ஒரு தடவைக்குமேல் திருப்பினால் துண்டம் உடையும். நடுமுள்ளை ஒட்டிய தசை வெண்மையாகி எளிதில் விலகுவதே வெந்ததற்கு அடையாளம். பச்சை மீன் ஊறிய தட்டைக் கழுவாமல் வறுத்ததை அதிலேயே வைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு, அதை விட்டுவிடவேண்டும்.